வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் பள்ளம்? ஊரோடு சேர்ந்து வரைபடம் வரையக் கற்க வெளிநாடு போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காவிரி டெல்டாவில், நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். கோயில் திடலில் கோலமாவும் செங்கல் பொடியும் வைத்துத் தரையில் ஊர்ப்படம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆறு வெள்ளை, வாய்க்கால் நீலப்பொடி, ரோடு செங்கல் பொடி. ஒரு டி வாய்க்காலுக்கு (கிளைக்குக் கிளையாகப் பிரிந்துவரும் சின்ன வாய்க்கால்) மேற்கேயிருந்து கிழக்கே நான் அம்புக்குறி போட்டேன். களையெடுப்பு முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் நின்று பார்த்தார். “குறுவைக்குத்தான் தம்பி அது அப்புடி ஓடும். ஐப்பசி மழையில கெழக்கேருந்துல்ல ஏறி வரும்” என்று சொல்லி, என் அம்புக்குறியைக் காலால் தேய்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாக விரலால் ஒன்று இழுத்தார்.

அன்றிரவு மடிக்கணினியில் பார்த்தேன். அந்த வாய்க்காலின் இரண்டு முனைக்கும் உயரத் தரவு ஒரே எண்ணைக் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? தஞ்சாவூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 60 மீட்டர். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரை சுமார் 80 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறங்காத பூமி இது. விண்ணிலிருந்து ரேடாரில் அளந்து இலவசமாகக் கிடைக்கும் எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான். அதிலும் சில மீட்டர் பிழை சகஜம். தென்னந்தோப்பு இருந்தால் மட்டை உயரத்தையும் தரையோடு சேர்த்து எண்ணிக்கொள்ளும்.

பெரியம்மாவுக்குத் தெரிந்தது, மதகு திறந்து மூடும் லஸ்கருக்குத் தெரிந்தது, இதையெல்லாம் அடுத்தவர் சரிபார்க்கக்கூடிய வரைபடமாக மாற்றுவது ஒரு தனிப் படிப்பு. அதைக் கற்கத்தான் நெதர்லாந்து போனேன். திரும்பி வந்ததிலிருந்து திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் வழி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் பேசி அனுப்பி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதல் படி: இந்தப் படிப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

கணினியில் வரைபடத்தையும் தரவையும் சேர்த்துக் கையாளும் ஜி.ஐ.எஸ். படிப்பு வேறு, இது வேறு என்று நினைக்க வேண்டாம். ஜி.ஐ.எஸ்.தான் அடிப்படை. அதன்மேல், தரவை யார் சேகரிக்கிறார்கள், எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள், முடிந்த படம் யார் கையில் இருக்கும் என்ற கேள்விகள் வரும். சமூக வரைபடமாக்கல் என்று சொல்வது இதைத்தான்.

இதற்கு இரண்டு வேர். ஒன்று, 1980களின் கடைசியில் கிராமங்களில் வளர்ந்த பங்கேற்பு ஆய்வு முறை, அதாவது பி.ஆர்.ஏ. தரையில் கோடு போட்டு ஊர்க்காரர்களையே வரையச் சொல்வது. இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ். அவர் 1970களில் நம் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்தவர். அந்த முறை உருவானதில் கர்நாடகத்தின் மைராடா போன்ற அமைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, நாம் கடல் கடந்து கற்கப்போகும் சரக்கில் ஒரு பகுதி இந்தப் பக்கத்திலிருந்து போனதுதான்.

இன்னொன்று, 2004இல் லண்டனில் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யாரும் வரையவும் திருத்தவும் முடிகிற இலவச இணைய வரைபடம். 2009இல் நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதி இளைஞர்கள் தங்கள் பகுதியைத் தாங்களே அதில் வரைந்தார்கள். 2010 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது உலகெங்கும் இருந்து தன்னார்வலர்கள் அந்த நாட்டுச் சாலைகளை வரைந்து கொடுத்தார்கள். இந்த இரண்டையும் படித்துவிட்டுப் போனால் முதல் பருவத்தில் மூச்சுத் திணறாது.

இரண்டாம் படி: போவதற்கு முன் ஒரு படம் வரையுங்கள்

மற்ற படிகளில் தடுமாறினால் சமாளித்துவிடலாம். இதை விட்டால் விண்ணப்பத்தில் எழுத உங்களுக்கு ஒன்றும் இருக்காது. ‘புவியியலில் எனக்குச் சிறுவயது முதல் ஆர்வம்’ என்று தொடங்கும் கடிதங்களைத் தேர்வுக்குழு ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கும்.

இடத்தைச் சின்னதாகப் பிடியுங்கள். முழு வெண்ணாறு வேண்டாம். நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறதே, அதில் ஒன்றிலிருந்து கிளம்பும் ஒரு ஏ வாய்க்காலின் ஒரே ஒரு கிளை போதும். அல்லது ஒரு வருவாய்க் கிராமம்.

அரசாங்கக் காகிதங்களை முதலில் சேருங்கள். புல வரைபடம் (சர்வே எண்ணின் எல்லைப் படம்), அ-பதிவேடு (யார் நிலம், என்ன வகை என்ற பட்டியல்) இரண்டும் தமிழக அரசின் இணையச் சேவையில் சர்வே எண் போட்டால் கிடைக்கும். சர்வே ஆஃப் இந்தியாவின் 50,000க்கு ஒன்று அளவுப் படங்களைப் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தையும் ஒரு பார்வை பாருங்கள். இவற்றை எல்லாம் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். உலகைப் பட்டை பட்டையாகப் பிரித்து இடம் குறிக்கும் யு.டி.எம். முறையில், டெல்டா முழுக்க 44 வடக்கு மண்டலத்தில் வரும். மென்பொருளில் போட வேண்டிய அதன் குறியீடு 32644. இதைத் தப்பாகப் போட்டுவிட்டு ‘என் வாய்க்கால் வங்காள விரிகுடாவில் விழுகிறதே’ என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

அப்புறம் நடக்க வேண்டும், ஒரே வாய்க்காலை இரண்டு முறை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால், தண்ணீர் உங்கள் ஊர் தலைமதகுக்கு வந்து சேர்ந்ததும் ஒரு முறை. வடகிழக்குப் பருவமழையில், வயல் ததும்பி வடிகிற நேரத்தில் இன்னொரு முறை. டெல்டாவின் கீழ்ப்பகுதியில் பல வாய்க்கால்கள் பாசனத்துக்கும் வடிகாலுக்கும் சேர்த்தே வேலை செய்கின்றன. ஒரே நீலக்கோடு, ஒரே அம்புக்குறி என்று வரைந்தால் பாதி வருடத்துக்குத்தான் அந்தப் படம் உண்மை.

கையில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் போதும். களத்தில் தரவு சேர்க்கும் கோபோ டூல்பாக்ஸ், கியூஃபீல்டு செயலிகள் இரண்டும் நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்; கோபோவில் கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். போன் ஜி.பி.எஸ். வெட்டவெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டருக்குள் சொல்லும், தோப்புக்குள் இன்னும் தடுமாறும். ஒவ்வொரு புள்ளியிலும் இவ்வளவாவது குறியுங்கள்: மதகா, கலிங்கா (மிகுநீர் வழியும் இடம்), கொரம்பா (தண்ணீரை மறிக்கும் தற்காலிக அணை), ஷட்டர் இருக்கிறதா, துருப்பிடித்து நிற்கிறதா, குறுவையில் எந்தப் பக்கம் ஓட்டம், மழையில் எந்தப் பக்கம், சொன்னவர் விவசாயியா, கூலி வேலை செய்பவரா, லஸ்கரா, தேதி. சொன்னவர் யார் என்ற அந்தக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்லும்போதுதான் அதன் அருமை தெரியும்.

அளவையும் ஊர்க்கணக்கிலேயே கேளுங்கள். ‘எத்தனை ஹெக்டேர் மூழ்கியது’ என்றால் பதில் வராது. ‘எத்தனை மா’ என்றால் உடனே வரும். 100 குழி ஒரு மா, ஏறக்குறைய 33 சென்ட். 20 மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். மாற்றும் வேலையை வீட்டுக்கு வந்து நீங்கள் செய்துகொள்ளலாம்.

கூட்டம் எங்கே போடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கோயில் வாசலில் போட்டால் ஒரு தெருவின் படம்தான் கிடைக்கும். தெருத்தெருவாகத் தனித்தனியே உட்காருங்கள். பெண்களோடு தனியாக உட்காருங்கள். அதற்கு உங்களோடு ஒரு பெண்ணும் வர வேண்டும். நடவும் களையும் அவர்கள் கையில் இருப்பதால் எந்த வயலில் கால் எவ்வளவு புதையும் என்பது வரை சொல்வார்கள். நிலம் வைத்திருப்பவர் பட்டாவைப் பார்த்துப் பேசுவார். அதே வயலை இறங்கி மிதித்தவர்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் இரண்டு அடுக்காக வையுங்கள். ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள்.

பள்ளம் மேடு? அதற்கு நான் கடைசியில் போனது கொத்தனாரிடம். கட்டட வேலையில் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டியூப் வைத்திருப்பாரே, அதே டியூப். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இருபது இருபது மீட்டராக ஒரு நாள் முழுக்க வரப்பில் நகர்ந்தோம். அந்த டி வாய்க்காலின் கிழக்கு முனை மேற்கைவிட நாலு விரற்கடைதான் தாழ்வு. வடிகால் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து ஏறாமல் என்ன செய்யும்? பெரியம்மா சொன்னது எண்ணாக என் நோட்டில் இருந்தது. நேர்முகத்தில் பேராசிரியர்கள் என்னிடம் பதினைந்து நிமிடம் இந்த டியூப்பைப் பற்றித்தான் கேட்டார்கள்.

மூன்றாம் படி: எங்கே படிப்பது

நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருக்கும் ஐ.டி.சி. என்ற கல்வி நிறுவனம் 1950இல் தொடங்கியது. தொடங்கியவர் வில்லெம் ஸ்கெர்மர்ஹார்ன், அந்த நாட்டின் முன்னாள் பிரதமர். வளரும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு நில அளவையும் வான்படமும் கற்றுக்கொடுக்கவே வந்த இடம். 2010இலிருந்து ட்வென்டே பல்கலைக்கழகத்தோடு இருக்கிறது. டேராடூனில் இன்று ஐ.ஐ.ஆர்.எஸ். என்று நாம் அறியும், செயற்கைக்கோள் படங்களைக் கையாளக் கற்பிக்கும் தொலையுணர்வு நிறுவனம் 1966இல் உருவானதிலும் இந்த ஐ.டி.சி.யின் கை உண்டு. வகுப்பில் எத்தியோப்பியாவும் நேபாளமும் இந்தோனேசியாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். நம் ஊர்ப் பிரச்சினையை அங்கே அரிச்சுவடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை. என் முதல் சிபாரிசு இதுதான், சொந்தச் சாய்வும் இருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் ஒரே படிப்பைப் பல நாடுகளில் படிக்கலாம். ஜெர்மனியின் மூன்ஸ்டர், போர்ச்சுகலின் லிஸ்பன், ஸ்பெயினின் காஸ்தெயோன் சேர்ந்து நடத்தும் புவித் தொழில்நுட்பப் படிப்பு ஒன்று. மியூனிக், வியன்னா, டிரெஸ்டன், ட்வென்டே சேர்ந்து நடத்தும் வரைபடவியல் படிப்பு இன்னொன்று. படத்தை அழகாகவும் நேர்மையாகவும் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு அது.

லண்டன் யு.சி.எல். பல்கலைக்கழகத்தில் மூக்கி ஹாக்லே உருவாக்கிய குழு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் படக்குறிகளைத் தொட்டுத் தரவு சேர்க்கும் சபெல்லி என்ற செயலியைச் செய்தது. முனைவர் பட்டம் வரை போகிறவர்கள் அந்தக் குழுவின் கட்டுரைகளைப் படித்துவிடுங்கள். கணினியைவிட மனிதர்கள் பக்கம் சாய்வு என்றால் சசெக்ஸில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், சேம்பர்ஸ் இருந்த இடம். நிரல் எழுதுவதில் ஆசை என்றால் ஹைடல்பெர்க். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் அங்கே நிறைய வேலை நடக்கிறது.

பல்கலைக்கழகத் தரவரிசையை ஓரமாக வைத்துவிட்டு, ஆசிரியர்கள் கடந்த ஐந்து வருடத்தில் எழுதியதைப் பாருங்கள். ஒருவராவது நீர், நிலம், மக்கள் மூன்றையும் தொட்டிருக்கிறாரா? அவருக்கு உங்கள் படத்தை இணைத்து எட்டு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

போகுமுன் அஸ்திவாரம் வேண்டும் என்றால் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் தொலையுணர்வுத் துறைகள் இருக்கின்றன. டேராடூன் ஐ.ஐ.ஆர்.எஸ். இணையத்தில் இலவசக் குறும்படிப்புகள் நடத்துகிறது, சான்றிதழும் தரும்.

நான்காம் படி: பணம்

எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, படிப்புக் கட்டணமும் கிடையாது. கடைசித் தேதிகள் பெரும்பாலும் பொங்கலை ஒட்டி, முன்னே பின்னே வரும். மழைக்கால நடையை டிசம்பருக்குள் முடிக்கச் சொல்வதும் அதனால்தான்.

பிரிட்டனின் சீவ்னிங் உதவித்தொகை, ஓராண்டு முதுகலைக்கு முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும், முடித்ததும் இரண்டு ஆண்டு நாட்டுக்குத் திரும்பி இருக்க வேண்டும். ஆகஸ்டில் திறந்து அக்டோபர், நவம்பருக்குள் மூடிவிடும். ஜெர்மனியின் டாட் அமைப்பின் ஈபாஸ் உதவித்தொகைத் திட்டமும் இரண்டு ஆண்டு அனுபவம் கேட்கிறது. தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுத்தது, ஒப்பந்தத்தில் சர்வே பார்த்தது எல்லாவற்றுக்கும் தேதி போட்ட கடிதம் இப்போதே வாங்கி வையுங்கள்.

ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் தரும் வெளிநாட்டு உயர்கல்வி உதவி ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை போகும். குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். டெல்டாவில் இது எத்தனை வீட்டுக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு முள் இருக்கிறது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு அந்த உதவி கிடையாது என்று 2022இல் விதியை மாற்றினார்கள். ‘டெல்டா மக்களின் நீர் அறிவு’ என்று தலைப்பு வைத்தால் கதவு மூடிக்கொள்ளலாம். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரிக்கு வரி படித்து, புவித்தகவல் தொழில்நுட்பப் படிப்பாக விண்ணப்பியுங்கள்.

கடன் என்றால் வித்யாலட்சுமி தளம். வங்கிகளின் பொதுவான திட்டப்படி ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள், அதற்கு மேல் கேட்பார்கள். ஜெர்மனி என்றால் முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் வந்த தொகை இது, உயரலாம். நான் பாதி உதவித்தொகை, பாதி கடன் என்று போனேன். இருக்கிற மூன்று மா நிலத்தை விற்றுப் போகிறேன் என்று ஒரு பையன் சொன்னான். ஒரு வருடம் பொறுத்து மறுபடி விண்ணப்பி என்று சொல்லித் தடுத்தேன்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

முதலில் பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்குக் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து வங்கி வரை ஒவ்வொரு படிவமும் தகராறு செய்யும். இனிஷியலை விரித்து அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டு, மதிப்பெண் பட்டியலில் இருக்கும் எழுத்துகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகும்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும், ரொம்ப முன்னதாக எழுத வேண்டாம். ஜெர்மனி என்றால் 2022 நவம்பரிலிருந்து நம் படிப்புச் சான்றுகள் உண்மை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். மூன்று வருட பி.எஸ்சி., பி.ஏ. படித்தவர்கள், அது போதுமா என்று ஒவ்வொரு இடத்திலும் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள். என் நண்பன் ஒருவன் ஏஜென்டிடம் இருபத்தையாயிரம் கொடுத்தான். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் காவிரி கர்நாடகத்திலிருந்து ‘பனி உருகி’ வந்தது. குடகில் ஏது பனி! படித்தும் பார்க்காமல் அனுப்பிவிட்டான். கடிதத்தில் உங்கள் படம் எங்கே தோற்றது என்று எழுதுங்கள்: மழைக்கால ஓட்டத்தை எப்படி அளப்பது என்று தெரியவில்லை, இரண்டு தெரு சொன்னதும் முரண்பட்டது, அதை ஒரே படத்தில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை, அதைக் கற்க வருகிறேன். இதைவிட நல்ல நோக்கம் கிடையாது.

ஆறாம் படி: அங்கே போனபின்

குளிர், சைக்கிள், சமையல் எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும். பைதான் நிரல்மொழி, செயற்கைக்கோள் படப் பாடங்களை எடுங்கள். சென்டினல் 1 செயற்கைக்கோளின் ரேடார் படம் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், நம் மழைக்கால வெள்ளத்துக்கு அதுதான் கைகொடுக்கும். சென்டினல் 2 படம் பத்து மீட்டர் நுணுக்கம், வானம் தெளிந்த தை, மாசியில் உதவும். கூடவே ஆய்வு முறை, ஆய்வு நெறி பற்றிய பாடம் ஒன்றாவது எடுத்துவிடுங்கள். களப்பணிக்கு முன் நெறிக்குழு அனுமதி வாங்க வேண்டும். கையெழுத்துப் படிவத்தைத் தமிழில் எழுதி, கையெழுத்துப் போடத் தயங்குபவர்களிடம் வாய்மொழிச் சம்மதம் பதிவு செய்ய முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பத்திரத்தில் கைநாட்டு வைத்து நிலம் போன கதை நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. காகிதத்தை நீட்டினாலே முகம் மாறும்.

ஏழாம் படி: ஆய்வுக்கு ஊர் திரும்பும்போது

சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதலின்படி, கிடைமட்டத்தில் ஒரு மீட்டருக்கும் நுணுக்கமான வரைபடத் தரவை இந்தியர்கள்தான் உருவாக்கலாம், அது இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். போன் ஜி.பி.எஸ். அந்த நுணுக்கத்துக்கு வராது. துல்லியக் கருவி வேண்டும் என்றால் உள்ளூர்க் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து செய்து, தரவை இங்கேயே வையுங்கள். டிரோன் பறக்கவிடும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. வெளிநாட்டு வகுப்புத் தோழர் கூட வந்தால் அவருக்கு ஆய்வு விசா வேண்டும், சுற்றுலா விசாவில் கணக்கெடுக்க முடியாது.

எல்லாவற்றையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றிவிடாதீர்கள். அதை யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும் எடுக்கலாம். மதகு, பாலம், பள்ளிக்கூடம், புயல் பாதுகாப்பு மையம் தாராளமாகப் போகட்டும். ஆற்றுப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் வீடுகளின் எல்லையைத் துல்லியமாக வரைந்து வெளியிட்டால், அது முதலில் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸில் போய் உட்காரும். எந்த அடுக்கு வெளியே போகலாம் என்று கூட்டத்தில் கேட்டு, ஊர் சொன்னபடி செய்யுங்கள். இரண்டு அடுக்குகளை நான் என் ஆய்வேட்டிலேயே சேர்க்கவில்லை. மேற்பார்வையாளருக்கு வருத்தம்தான். சரி என்று விட்டுவிட்டார்.

முடிந்த படத்தை ஊருக்குக் கொடுக்கும் வேலை மிச்சம். பி.டி.எஃப். அனுப்பினால் யாரும் திறக்கமாட்டார்கள். மன்னார்குடியில் ஃபிளெக்ஸ் கடையில், கல்யாண பேனர் அளவில் அடித்து, ரேஷன் கடைச் சுவரில் கட்டினோம். தமிழில் ஊர்ப்பெயர்கள், மேலவெளி, கீழவெளி என்று வயல்களின் பெயர்கள், குறுவைக்கு நீல அம்பு, மழைக்குச் சிவப்பு அம்பு. பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவைக் கயிற்றில் தொங்கவிட்டோம். ஒரு வாரத்தில் லஸ்கர் இரண்டு மதகுகளைச் சேர்த்திருந்தார். யாரோ ஒரு பையன் கிரிக்கெட் மைதானத்தை வரைந்திருந்தான். பெரியம்மா வந்து பார்த்தார், சிவப்பு அம்பை விரலால் தொட்டார். பிறகு தெற்கே இன்னொரு வாய்க்காலைக் காட்டி, “இதும் அப்புடித்தான், இத ஏன் விட்டுட்டீங்க?” என்று கேட்டார்.